சின்னப் படகு, கொந்தளித்த கடல்: நடுங்க வைத்த பயணங்களை எழுதுங்கள்

#1 கரையோரன்

கப்பல் கதைகள் வேண்டாம். பெரிய ஃபெர்ரியில் நாற்காலி சறுக்கிய கதையும் வேண்டாம். பத்து மீட்டருக்குள் அடங்கும் படகு, கையை நீட்டினால் தண்ணீர் தொடும் படகு, அதில் மாட்டிக்கொண்டு "இன்றோடு சரி" என்று நினைத்தவர்கள் எழுதுங்கள். மீன்பிடிப் படகு, பாய்மரம், கயாக், தீவுக்கு ஆள் ஏற்றும் வள்ளம், எதுவானாலும் சரி.

ஒரே ஒரு நிபந்தனை. எந்த நொடியில் பயந்தீர்கள் என்பதோடு, உண்மையான ஆபத்து அந்த நொடியில்தான் இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடலில் அடிபட்டு வந்தவர்கள் பலரிடம் பேசிப் பார்த்ததில், இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

#2 உப்புக்காற்று

நான் ஆரம்பிக்கிறேன். தீவிலிருந்து திரும்பும் வழி. காலையில் போனபோது கடல் அசையவே இல்லை. மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. அதே நேரம் நீரோட்டம் காற்றுக்கு எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்துவிட்டது. அலை பெரிதானது என்பதைவிட நெருங்கி வந்தது என்று சொல்ல வேண்டும். ஒன்றில் ஏறி இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வந்து மோதும்.

அணியம் குத்தி இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். புரொப்பெல்லர் காற்றில் சுழன்று என்ஜின் அலறும். உடனே படகோட்டியின் மணிக்கட்டு லேசாகத் திரும்பும், அலறல் அடங்கும். மறுபடி தண்ணீரைப் பிடித்ததும் கொஞ்சம் கொடுப்பார். வழி முழுக்க நான் கடலைப் பார்க்கவில்லை, அந்த மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் யாருடையதோ ஒரு ஒற்றைச் செருப்பு முன்னும் பின்னும் போய்வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, யாரென்றே தெரியாது, என் கையை நகம் பதியப் பிடித்திருந்தார்.

பயந்த நொடி: ஒரு பள்ளத்தில் இறங்கியபோது கரையும் இல்லை, தீவும் இல்லை, அடிவானமும் இல்லை. சுற்றிலும் தண்ணீர்ச் சுவர். இருபதடி இருக்கும். அது உண்மையான ஆபத்தா என்பதை விவரம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

#3 சந்தேகி

இருபதடி என்றால் ஆறு மீட்டர் நண்பரே. அந்தக் கடலில் உங்கள் படகோட்டி கயிற்றையே அவிழ்த்திருக்க மாட்டார். இணையத்தில் யாருக்குமே ஐந்தடி அலை வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

#4 உப்புக்காற்று

நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் நாற்பதடி என்று எழுதியிருப்பீர்கள் :)

#5 அளவுகோல்

சண்டை வேண்டாம், இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தாழ்வான படகில் உட்கார்ந்திருப்பவரின் கண், நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது முகடு அடிவானத்தை மறைத்தால், அலை உங்கள் கண்மட்டத்தைவிட உயரம் என்று மட்டுமே அர்த்தம். ஆக, ஒன்றேகால் மீட்டர் அலையே கரையையும் தீவையும் காணாமல் அடித்துவிடும். அது போதாதென்று, படகு சரிவில் சாயும்போது நம் உடம்பு படகின் தரையையே சமதளமாக எடுத்துக்கொள்கிறது. எதிரே வரும் சரிவு அதனால் செங்குத்தாகத் தெரிகிறது. உப்புக்காற்று பொய் சொல்லவில்லை, அவருடைய கண் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. வானிலை அறிவிப்பில் "அலை உயரம் 2 மீட்டர்" என்று வந்தால், எல்லா அலையும் 2 மீட்டர் என்று பொருளல்ல. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் சொல்கிறார்கள். அதே கடலில் தனி அலை ஒன்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்துக்கும் எழலாம். 1995 ஜனவரி 1 அன்று வடகடலில் டிராப்னர் என்ற எரிவாயு மேடையில் பதிவான அலை 25.6 மீட்டர். அந்த நேரத்துக் கடலின் கணக்கு உயரம் சுமார் 12 மீட்டர்தான். "ஏழாவது அலை பெரிய அலை" என்பதெல்லாம் கதை. அலைகள் கூட்டம் கூட்டமாக வருவது உண்மை, நடுவில் ஓய்வு கிடைப்பதும் உண்மை. ஆனால் எண்ணி ஏழு என்று எந்தக் கணக்கும் கிடையாது.

உப்புக்காற்று எழுதியதில் என் கண்ணில் பட்டது இருபதடி அல்ல, "நெருங்கி வந்தது" என்ற இடம். ஓட்டம் காற்றுக்கு எதிராக இருந்தால் அலையின் நீளம் சுருங்கும், உயரம் கூடும், முன்பக்கம் செங்குத்தாகி உடையும். தூரத்துப் புயலிலிருந்து வரும் அலை மூன்று மீட்டர் உயரம் இருந்தாலும், நீளமாக இருப்பதால் சின்னப் படகு அதில் சும்மா ஏறி இறங்கும். ஒன்றரை மீட்டர் செங்குத்து அலை பக்கவாட்டில் உடைந்தால் அதே படகு கவிழும். உங்கள் பயணத்தில் ஆபத்து இருந்தது, ஆனால் அடிவானம் மறைந்த நொடியில் இல்லை. அந்த மணிக்கட்டு ஒரு தடவை தவறியிருந்தால் வந்திருக்கும்.

#6 நெய்தல்மகள்

கரையோரன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா படகு. வெளிக்கடலில் இரவு முழுக்கக் காற்றில் உருட்டி எடுத்தது. விடியும்போது ஆற்று முகத்துவாரத்தை நெருங்கினோம். எனக்கு உயிரே வந்தது. மரம் தெரிந்தது, மணலில் ஆட்கள் தெரிந்தார்கள், யாரோ மோட்டார் சைக்கிளை உதைப்பதுகூடத் தெரிந்தது. உள்ளே போகிற வழியும் அமைதியாகத்தான் இருந்தது. வழவழவென்று மேடுகள் வரிசையாகக் கரைப்பக்கம் போய்க்கொண்டிருந்தன, அவ்வளவுதான். சித்தப்பா என்ஜினைக் குறைத்து அங்கேயே நின்றுவிட்டார்.

"என்ன சித்தப்பா, வந்தாச்சே, போகலாமே" என்றேன்.

"நீ பாக்குறது அலையோட முதுகும்மா. மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கு."

வெகு நேரம் நின்றோம். அவர் கரையைப் பார்க்கவே இல்லை, திரும்பி உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அலைகளின் கூட்டம் ஒன்று எங்களைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. அது உள்ளே போய் மணல்திட்டைத் தொட்டபோதுதான் முகடுகளின் விளிம்பிலிருந்து பொடிநீர் பின்பக்கமாகச் சீறுவதைப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் கழித்து வந்தது.

எங்களுக்கு முன்னால் வந்த இன்னொரு படகு காத்திருக்கவில்லை. முழு வேகத்தில் உள்ளே போனது. ஒரு முகட்டைத் தாண்டி அதன் முன்சரிவில் இறங்கியதைப் பார்த்தேன். அணியம் பள்ளத்தில் குத்தி நின்றது, பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தது, படகு குறுக்கே விழுந்தது. அடுத்த நொடி அதன் அடிப்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, பாசி பிடித்த பச்சை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தலைகள் எழும்பின. நான்கு பேரும் கவிழ்ந்த படகையே பிடித்துக்கொண்டார்கள். அலை அவர்களையும் படகையும் சேர்த்தே ஆழம் குறைந்த இடத்துக்குத் தள்ளியது. கரையில் இருந்தவர்கள் கயிற்றோடு இறங்கி இழுத்துவிட்டார்கள்.

பிறகு எங்கள் முறை. கூட்டம் ஒன்று கடந்து ஓய்வு வந்ததும் சித்தப்பா, "கீழ உக்காரு, நடுவுல" என்று மட்டும் சொன்னார். ஒரு அலையின் முதுகில் ஏறி, அதன் வேகத்திலேயே போனார். பின்னால் அடுத்தது எழுந்து துரத்துகிறது. வேகமாகப் போங்கள் என்று கத்த எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அவரோ இன்னும் கொஞ்சம் குறைத்தார்! முன்னால் இருந்த அலை உடைந்து வெள்ளையானதும் அதன் பின்னாலேயே ஒரே அழுத்து, உள்ளே வந்துவிட்டோம்.

இரவு முழுக்க நான் நடுங்கியது வெளிக்கடலில். பயம் தெளிந்து மரம் பார்த்துச் சிரித்த இடத்தில்தான் அந்த நான்கு பேர் தண்ணீரில் விழுந்தார்கள்.

#7 கரையோரன்

இதற்காகத்தான் இந்த இழையை ஆரம்பித்தேன். நன்றி தங்கச்சி.

#8 சந்தேகி

எனக்கு ஒன்று புரியவில்லை. அலையைவிட வேகமான என்ஜின் இருந்தால் தாண்டிப் போய்விடுவதுதானே புத்திசாலித்தனம்? சித்தப்பா ஏன் குறைத்தார்?

#9 பழைய சுக்கான்

தம்பி, அலையில தண்ணி சுத்துது. முகட்டுல இருக்கிற தண்ணி முன்னால போகும், பள்ளத்துல இருக்கிறது பின்னால வரும். முகட்டத் தாண்டிட்டா உன் படகு பின்பக்கம் முன்னால தள்ளுற தண்ணியில, அணியம் பின்னால இழுக்கிற தண்ணியில. ரெண்டும் எதிரெதிர். அப்ப படகு சுத்தாம வேற என்ன செய்யும்? அந்த நேரம் சுக்கானும் புடிக்காது, ஏன்னா படகும் தண்ணியும் ஒரே வேகத்துல ஓடுது, சுக்கான்மேல ஓட்டமே இல்ல. குறுக்கே நின்னதும் அடுத்த அலை வந்து முடிச்சு வைக்கும். அந்தப் பொண்ணு சித்தப்பா தொழில் தெரிஞ்ச ஆளு.

படகுல இருக்கிறவங்க செய்ய வேண்டியதையும் சொல்லிடுறேன். எழுந்து நிக்கக் கூடாது. பலகையில உக்காந்தா போதாது, தரையில உக்காரணும். அலை ஒரு பக்கம் வந்தா எல்லாரும் சேந்து மறுபக்கம் ஓடக் கூடாது. உள்ள வந்த தண்ணிய உடனே இறைக்கணும். அடியில இருநூறு லிட்டர் நின்னா இருநூறு கிலோ. அது மூட்டையா ஒரு இடத்துல கிடந்தாப் பரவாயில்ல. படகு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே ஓடி, இன்னும் சாய்க்கும். வெளிய இருக்கிற தண்ணிய விட உள்ள இருக்கிற தண்ணிதான் பாதிப் படகைக் கவுத்திருக்கு.

#10 அளவுகோல்

ஐயா சொன்னதோடு ஒரு கணக்கு. ஆழம் அலை உயரத்தைப் போல சுமார் 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடையும். வெளியே ஆபத்தில்லாத ஒரு மீட்டர் அலை, ஒன்றேகால் மீட்டர் ஆழமுள்ள மணல்திட்டில் சுவராக எழுந்து விழும். கடல்மட்டம் வற்றி இறங்கும் நேரமாக இருந்தால் ஆற்றுத் தண்ணீரும் எதிர்த்து வரும், கேட்கவே வேண்டாம். காற்றும் அப்படியே. வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்கு. "கொஞ்சம்தான் காற்று கூடியிருக்கு" என்று கரையில் நின்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

#11 குமட்டல் மன்னன்

இவ்வளவு பேரும் பயத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால் கிளம்பிய அரை மணி நேரத்தில் "இந்தப் படகு மூழ்கினால் நல்லது" என்ற மனநிலைக்கு வந்துவிட்டேன். சிரிக்காதீர்கள். கடல் நோய் வந்தவனுக்கு முதலில் சாகப் போகிறோமோ என்று பயம், பிறகு சாக மாட்டோமோ என்று பயம். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடைசிவரை இந்த வியாதி உண்டு என்று படித்ததில்தான் எனக்கு ஒரே ஆறுதல்.

ஆனால் இதில் சிரிக்க முடியாத பக்கமும் இருக்கிறது. அன்று தண்ணீர் இறைக்க ஆள் வேண்டியிருந்தது. ஐந்து பேரில் மூன்று பேர் என்னைப் போலக் கிடந்தோம். டப்பாவைக் கையில் கொடுத்தும் பிடிக்க முடியவில்லை. மாத்திரை போடுபவர்கள் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், குமட்டல் வந்த பிறகு போட்டால் அது வெளியே வந்துவிடும். படகின் நடுவில், ஆட்டம் குறைந்த இடத்தில் உட்காருங்கள். அடிவானத்தையே பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

#12 ஏடுதூசி

நான் கடல் பார்த்ததைவிடக் கடல் பற்றிப் படித்ததுதான் அதிகம். அனுமதித்தால் இரண்டு பழைய பயணங்கள்.

துருவப் பயணி ஷாக்கிள்டனின் கப்பல் அண்டார்டிக் பனியில் நசுங்கிப் போன பிறகு, 1916இல் அவர் உட்பட ஆறு பேர் ஜேம்ஸ் கேர்ட் என்ற உயிர்காப்புப் படகில் எலிஃபன்ட் தீவிலிருந்து கிளம்பினார்கள். நீளம் ஏழு மீட்டர்கூட இல்லை. ஏப்ரல் 24 முதல் மே 10 வரை, சுமார் 800 கடல்மைல், உலகிலேயே மோசமான கடலில். தச்சர் மக்னிஷ் பனிச்சறுக்கு வண்டிச் சட்டங்களையும் கான்வாஸையும் வைத்துப் படகுக்கு ஒரு மேல்தளம் கட்டியிருந்தார். அது இல்லாவிட்டால் முதல் நாளே கதை முடிந்திருக்கும். தெறித்த நீர் படகின் மேல் பனிக்கட்டியாக உறைந்து எடை ஏறியது. ஆட்டத்தில் வழுக்கும் அந்தத் தளத்தின் மேல் முறைவைத்துத் தவழ்ந்து போய்க் கட்டியை வெட்டித் தள்ளினார்கள். எடை குறைக்க ஊறிப்போன தூக்கப் பைகளையும் கடலில் எறிந்தார்கள்.

ஒரு நள்ளிரவில் சுக்கான் பிடித்திருந்த ஷாக்கிள்டன் வானத்தின் ஓரத்தில் வெளிறிய கோடு ஒன்றைப் பார்த்து, மேகம் விலகுகிறது என்று மற்றவர்களுக்குச் சொன்னார். அடுத்த கணம்தான் அது வானம் அல்ல, வரும் அலையின் வெள்ளை முகடு என்று தெரிந்தது. 26 ஆண்டுக் கடல் அனுபவத்தில் அவ்வளவு பெரிய அலையைப் பார்த்ததில்லை என்று பின்னர் எழுதினார். படகு பாதி நிறைந்தது. கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் வைத்து இறைத்துத் தப்பித்தார்கள். உப்புக்காற்றின் சுவரும் அதே வகைதான், அளவு மட்டும் வேறு.

இன்னொன்று 1789இல். பவுன்டி கப்பலில் கலகம் செய்தவர்கள் கேப்டன் பிளையையும் 18 பேரையும் 23 அடிப் படகில் ஏற்றி விட்டுவிட்டார்கள். நீருக்கு மேல் படகின் விளிம்பு ஒரு சாண்கூட இல்லை. முதலில் இறங்கிய தீவிலேயே ஒருவர் தாக்குதலில் இறந்தார். மீதிப் பேர் சுமார் 3,600 கடல்மைல் கடந்து திமோர் போய்ச் சேர்ந்தார்கள். நாட்கணக்கில் மழை, குளிர், இடைவிடாமல் இறைப்பு. எனக்கு மறக்காத விவரம் ஒன்று: மழையில் நனைந்த சட்டையைக் கழற்றி, கடல்நீரில் முக்கிப் பிழிந்து திரும்பப் போடச் சொன்னார் பிளை. மழைநீரைவிடக் கடல்நீர் சூடாக இருந்தது, அந்தக் கொஞ்ச நேர வெதுவெதுப்பே பெரிய ஆறுதலாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்.

#13 சந்தேகி

அவர்கள் எல்லாம் கடலிலேயே வளர்ந்தவர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு என்ன பாடம்? படகு மூழ்கப் போகிறது என்று தோன்றினால் குதித்து நீந்துவதா, இருப்பதா? எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், நான் நீந்துவேன் என்றுதான் நினைக்கிறேன்.

#14 பழைய சுக்கான்

நல்லா நீந்தத் தெரிஞ்சவங்களத்தான் தம்பி தேடிக் கண்டுபுடிக்க முடியாமப் போயிருக்கு. தெரியாதவன் படகை விடவே மாட்டான், கிடைச்சிடுவான்.

#15 ஏடுதூசி

ஐயா சொல்வதற்குப் பெரிய சாட்சி 1979 ஆகஸ்ட் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயம். 303 படகுகள் கிளம்பின. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே புயல் பிடித்துக்கொண்டது. பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். அவற்றில் மூழ்கியவை ஐந்துதான், மற்றவை பிறகு மிதந்தபடியே கிடைத்தன. உயிர்காப்பு மிதவைக்கு மாறியவர்களில் சிலர் மிதவை கவிழ்ந்தும் கிழிந்தும் இறந்தார்கள், அவர்கள் விட்டுவந்த படகோ மூழ்காமல் இருந்தது. ஒரு படகில் இரண்டு பேர் இறந்துவிட்டதாக நினைத்து மற்றவர்கள் மிதவைக்குப் போனார்கள். அந்த இருவரில் ஒருவர் அதே படகில் உயிரோடு கிடந்து மீட்கப்பட்டார். அந்தப் பந்தயத்துக்குப் பிறகு பாய்மரக்காரர்களிடம் ஒரு விதி நிலைத்தது: மிதவைக்குப் போவதென்றால் படகிலிருந்து மேலே ஏறும்படி இருக்க வேண்டும். அதாவது, படகு காலடியில் மூழ்கும் வரை விடாதே.

#16 அளவுகோல்

சந்தேகி, நீந்தும் திறமை பற்றி இன்னொரு விஷயம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். கனடாவில் குளிர்நீர் ஆய்வு செய்யும் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். உறையும் அளவு குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது. பிறகு பத்து நிமிடம்தான் கை, கால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் வரை ஆகும். வெப்பக் கடலில் இந்த நேரங்கள் நீளும், ஆனால் எதிர்பாராமல் விழுந்தவர் அந்த முதல் மூச்சிலேயே தண்ணீரைக் குடித்துவிடுவது எங்கேயும் நடக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் தலையை மேலே வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட்டின் வேலை. நீச்சலில் வாங்கிய கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு ஜாக்கெட்டைப் போடுங்கள்.

#17 வலைவீசி

நானும் ஒரு கதை சொல்றன். இரவு, கரை விளக்கு கண்ணுக்குத் தெரியுற தூரம். எஞ்சின் நிண்டு போச்சு. அலையை விட எனக்குப் பயம் தந்தது அந்தச் சத்தம் இல்லாமப் போனதுதான். அதுவரைக்கும் கேக்காத சத்தமெல்லாம் கேக்குது. தண்ணி பலகையில அறையுறது, அண்ணை மூச்சு விடுறது, எல்லாம்.

எஞ்சின் நிண்டா வள்ளம் தானாக் குறுக்க திரும்பும், அலைக்கு விலாவைக் காட்டும். அண்ணை எஞ்சினைத் தொடவே இல்லை. முதல் வேலையா இரண்டு வாளியையும் ஒரு கூடையையும் நீளக் கயிற்றில கட்டி அணியத்தால விட்டார். கயிறு விறைச்சதும் வள்ளம் மெல்லத் திரும்பி மூக்கைக் காத்துக்கு நேராக் குடுத்தது. வாளி தண்ணிக்குள்ள இழுபட்டுப் பிரேக் மாதிரிப் பிடிக்க, நாங்கள் பின்னுக்கு மெதுவா நகர்ந்துகொண்டு இருந்தம். அதுக்குப் பிறகுதான் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி எஞ்சினைத் திறந்தார். எண்ணெய்க் குழாயில தண்ணி. துடைச்சு, ஊதி, திருப்பிப் பூட்டினார். எனக்குக் கை நடுங்கி வெளிச்சம் எங்கையோ போகுது, அண்ணை திட்டினது இண்டைக்கும் ஞாபகம்.

முதல்ல எஞ்சினைத் திருத்தப் போயிருந்தா அது ஸ்டார்ட் ஆக முன்னம் கவிழ்ந்திருப்பம் எண்டு பிறகு சொன்னார்.

#18 நெய்தல்மகள்

வலைவீசி அண்ணா, வாளியைக் கட்டுவதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கயிற்றை எவ்வளவு நீளம் விட வேண்டும்?

#19 வலைவீசி

கையில இருக்கிறது முழுக்க விடுங்கோ தங்கச்சி. கட்டையா விட்டா அலை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் வெட்டி இழுக்கும், கயிறு அறுந்துபோம், இல்லாட்டி கட்டின கட்டை பிடுங்கும். கயிறு வள்ளத்தில உரசுற இடத்தில துணி சுத்துங்கோ.

#20 உப்புக்காற்று

ஜாக்கெட் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் படகில் ஜாக்கெட் இருந்தது. எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, முன்பக்கத்துப் பெட்டிக்குள், அதன் மேல் மூட்டைகள். சோதனைக்கு வருபவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிறார்கள் போல. கேட்டதற்கு, "வேணும்னா எடுத்துத் தரேன்" என்றார்கள். எப்போது வேணும் என்று கவிழ்ந்த பிறகு சொல்வதா?

#21 சந்தேகி

இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சண்டை போட மாட்டேன். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒவ்வொரு ஆண்டும் படகு விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. மூழ்கி இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் வருகிறது. தண்ணீருக்குள் வைத்து ஜாக்கெட் போட்டுப் பாருங்கள், அமைதியான நீச்சல் குளத்திலேயே படாத பாடு.

#22 பழைய சுக்கான்

தனியா என்ஜின் ஓட்டுறவங்க இன்னொன்னையும் மறந்துடாதீங்க. என்ஜின்ல ஒரு சிவப்புச் சுருள் கயிறு இருக்கும், அதைக் கால்லயோ இடுப்புலயோ மாட்டணும். ஆள் வெளிய விழுந்தா கயிறு பிடுங்கி என்ஜின் நிக்கும். மாட்டலன்னா படகு ஆள் இல்லாம ஓடும், சில நேரம் வட்டம் போட்டு விழுந்தவன் மேலயே வரும். முக்காவாசிப் பேரு அதை என்ஜின் மேலயே சுத்தி வெச்சிருப்பாங்க.

#23 கரையோரன்

இழை நான் நினைத்ததைவிட நன்றாகப் போகிறது. இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் பயந்த இடம் ஒன்று, ஆள் போகக்கூடிய இடம் வேறொன்று. அடிவானம் மறைவது, என்ஜின் சத்தம் நிற்பது, இரவு, இவையெல்லாம் பயமுறுத்துகின்றன. கரைக்குப் பக்கத்து மணல்திட்டு, அடியில் தேங்கிய தண்ணீர், கட்டிவைத்த ஜாக்கெட், இவற்றைப் பார்த்து யாருக்கும் வியர்க்கவில்லை. நெய்தல்மகள் சிரித்தே இருக்கிறார்.

ஒரு கேள்வி. படகு ஓட்டத் தெரியாத பயணி, ஏறுவதற்கு முன் கரையில் நின்றே எதைப் பார்த்து முடிவெடுக்கலாம்?

#24 நெய்தல்மகள்

அலை உடையும் இடத்தைப் பாருங்கள், கரையில் உயரமான இடம் இருந்தால் அங்கே ஏறி நின்று பார்ப்பது நல்லது. பெரிய கூட்டம் ஒன்று வந்து போகும் வரை காத்திருங்கள், ஓய்வு நேரத்தில் மட்டும் பார்த்தால் கடல் ஏமாற்றும். தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று கேளுங்கள். போகும் நேரத்தை மட்டும் கேட்கக் கூடாது, திரும்பும் நேரத்தில் ஓட்டம் எந்தப் பக்கம் என்பதையும் கேளுங்கள். உப்புக்காற்று போனபோது நன்றாகத்தானே இருந்தது.

#25 அளவுகோல்

எத்தனை பேர் ஏறுகிறார்கள், படகின் விளிம்பு நீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். வயர்லெஸ் இருக்கிறதா, ஆபத்தில் உதவி கேட்கும் விஎச்எஃப் 16ஆம் அலைவரிசையில் கூப்பிடத் தெரிந்த ஆள் இரண்டாவதாக ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். படகோட்டியே தண்ணீரில் விழுந்தால் யார் கூப்பிடுவது? போனை நீர் புகாத பையில் போட்டு உடம்போடு வையுங்கள். கைப்பையில் வைத்தால் பையோடு போய்விடும்.

#26 பழைய சுக்கான்

இறைக்கிற டப்பா எங்க இருக்குன்னு பாருங்க. கயிறு போட்டுக் கட்டியிருந்தா அந்த ஆள் படகை நம்பலாம். மத்தது எல்லாத்துக்கும் மேல, அந்தக் கரையில இருக்கிற மத்த படகு எங்க நிக்குதுன்னு பாருங்க. எல்லாம் மேல ஏத்திக் கவுத்து வெச்சிருக்க, ஒருத்தன் மட்டும் "வாங்க வாங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு கூப்பிட்டா ஏறாதீங்க.

#27 உப்புக்காற்று

ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து, பணமும் கொடுத்துவிட்டால்?

#28 பழைய சுக்கான்

கயிறு அவுக்கலல்ல? இறங்குங்க. பணத்தை அப்புறம் கேட்டுக்கலாம்.